சாமிக்கும் லீவு உண்டு, வேலைக்காரிக்கு உண்டா?

நமது நாட்டில் லீவு என்பது ஏதோ எஜமானன் மனமிரங்கிக் கொடுக்கின்ற தருமமென்றும், வேலை செய்கின்றவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்று வாங்கிக்கொள்ள வேண்டிய பிச்சையென்றும் வெகு காலமாகக் கருதப்பட்டு வருகின்றது. இந்த எண்ணம் படியாதவர்களிடம் மாத்திரமல்லாமல், படித்துப் பட்டம் பெற்று, சர்க்காரிலும் பாங்கியிலும் கம்பெனிகளிலும் உத்தியோகம் பார்க்கின்ற மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறுவாசிகளிடமும் பலமாக இருந்து வருகின்றது. இதற்கு மதம் எவ்வளவு தூரம் ஒத்தாசையாயிருக்கின்றது என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகின்றோம்.

முதலில் சாமிகளின் சங்கதியைப் பார்ப்போம். மயிலைக் கபாலீசுவரர் கோவில் நடையை மத்தியானம் சாத்தினால் மறுபடி மாலையில்தான் திறக்கின்றார்கள். இரவுக்குச் சாமிக்குப் பள்ளியறை உண்டு. விஷ்ணுவோ வருஷத்தில் நான்கு மாதம் தூங்குவதாகப் புராணக்காரர்கள் சொல்லுகின்றார்கள். பூரி ஜகந்நாதருக்கு, வருஷா வருஷம் ஸ்நான உற்சவத்திற்குப் பிறகு காய்ச்சல் கண்டுவிட்டதென்று சுமார் 15 நாள் யாருக்கும் காட்டாமல் வைத்து மருந்து கொடுக்கின்றார்கள். ஆகவே கல்லுக்கும் மரத்துக்கும் தினசரி ஓய்வு, வருஷ லீவு, வியாதி லீவு ஆகிய மூன்றும் உண்டு. டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்பாரும் இல்லை. படித்தரத்தில் பிடித்தம் செய்வாரும் இல்லை. ஆயுத பூஜையன்று சுத்தியலுக்கும் அரிவாளுக்கும்கூட ஓய்வு கொடுத்துச் சந்தனம் பூசுகின்றார்கள். சுத்தியலைப் பிடிக்கின்ற கைக்கு என்ன வழி என்றுதான் ஒருவரும் கேட்பதில்லை.

இனி மனிதர் சங்கதிக்கு வருவோம். நகரத்தின் நடுவிலிருந்து குடிசைகளை எடுத்துவிட்டுக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் குடியேற்றப்பட்ட பெண்களில் பலர் விடியற்காலையில் பஸ் ஏறி அடையாற்றுக்கும் மயிலைக்கும் வந்து, நாலு வீட்டில் பெருக்கி, மெழுகி, பத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகின்றார்கள். அவர்களுக்கு ஞாயிறு உண்டா? வருஷ லீவு உண்டா? காய்ச்சலுக்கு லீவு உண்டா? ஒரு நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். நாலு நாள் வராவிட்டால் வேறு ஆள்!

கடைச் சிப்பந்திகளுக்காவது பேருக்கு ஒரு சட்டம் இருக்கின்றது. 1947ஆம் வருஷத்துக் கடைகள், ஸ்தாபனங்கள் சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. ஒரு வருஷம் வேலை செய்தவர்க்குச் சம்பளத்தோடு 12 நாள் லீவு, அன்றியும் வியாதிக்கு 12 நாள், தற்செயல் லீவு 12 நாள் என்று எழுதி வைத்திருக்கின்றது. ஆனாலும் ரங்கநாதன் தெரு, உஸ்மான் ரோடு கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நிற்கின்றவர்கள் உட்காருவதற்கு ஆசனம் போட வேண்டுமென்பதற்கே 2021இல் தனியாக ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்ததென்றால், முதலாளிமார்களின் தயாள குணத்தை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

வீட்டு வேலை செய்கின்றவர்களுக்கோ இந்தப் பேரளவுச் சட்டமும் கிடையாது. வீடு என்பது "ஸ்தாபனம்" அல்லவாம்! 2007இல் தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று ஒரு நலவாரியம் ஏற்பட்டது நல்லதுதான். அது உதவித் தொகை கொடுக்குமே தவிர, ஒரு நாள் ஓய்வு கொடுக்குமா? 2011இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தார் வீட்டு வேலையாளுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டுமென்று ஒப்பந்தம் செய்தபோது, இந்தியா அதற்கு ஓட்டுக் கொடுத்தது. ஆனால் தான் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் இதற்கொரு சட்டம் செய்வதைப்பற்றிக் கமிட்டி போட்டு ஆலோசிக்கும்படி மத்திய சர்க்காருக்குச் சொன்னார்கள். ஆலோசனைக்குத்தான் கமிட்டியும் கால அவகாசமும். எச்சில் பாத்திரத்திற்கு அவகாசம் ஏது?

சர்க்காரில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் பிள்ளைப்பேற்று லீவு 12 மாதம் என்றாக்கியிருக்கின்றார்கள். இதை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் அந்த அம்மாள் லீவில் இருக்கும்போது அந்தக் குழந்தையின் துணி துவைக்க வருகின்றவளும் பிள்ளை பெற்றவள்தானே! அவளுக்கு எத்தனை மாதம்? ஒருத்தி வயிற்றுக்கு ஒரு சட்டம், மற்றொருத்தி வயிற்றுக்கு ஒரு சட்டமா? இது மனுதர்மம் அல்லாமல் வேறென்ன?

நிற்க, மதம் இதில் செய்யும் வேலையைக் கவனியுங்கள். "அம்மா, இடுப்பு வலிக்கின்றது, நாளைக்குப் படுத்திருக்க வேண்டும்" என்று ஒருத்தி சொன்னால், "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்ற கேள்வி வருகின்றது. "அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும்" என்றாலோ, "சாமி காரியம், போய் வா" என்ற உத்தரவு கிடைக்கின்றது. அதாவது மனித உடம்புக்கு ஓய்வு வேண்டுமானால் அதற்குச் சாமி ஜாமீன் நிற்க வேண்டும். சாமி ஜாமீன் கிடைக்காவிட்டால் பிணம் ஜாமீன்! முன்னமே செத்துப்போன பாட்டியை மறுபடியும் ஒருமுறை சாகடித்துத்தான் லீவு வாங்க வேண்டியிருக்கின்றது. பிறகு "இந்த ஜனங்கள் பொய் சொல்லுகின்றார்கள்" என்று குறை சொல்லுகின்றார்கள். உண்மைக்கு லீவு இல்லை, பொய்க்கு லீவு உண்டு என்று ஏற்பாடு செய்தவர்கள் யார்?

மேலும் சாமி பேரால் கிடைக்கும் லீவு ஓய்வாகுமா? அன்றும் அவளுக்கு அடுப்படியும் கடனும்தான் மிச்சம். மயிலையில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று எஜமானி வீட்டில் உறவினர் கூடினால், அவளுக்குப் பாத்திரம் இரட்டிப்பு.

"நாங்கள் அவளை வீட்டுப் பிள்ளைபோல் நடத்துகின்றோம், பழைய புடவை கொடுக்கின்றோம், தீபாவளிக்குப் பணம் கொடுக்கின்றோம்" என்று சிலர் சொல்லலாம். வீட்டுப் பிள்ளை காய்ச்சலாய்ப் படுத்தால் சோற்றில் பிடித்தம் செய்வீர்களா? உங்களுக்கு ஆபீஸில் லீவுக்குப் பதில் பழைய வேஷ்டி கொடுத்தால் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பீர்களா? "சொல்லாமல் நின்றுவிடுகின்றார்களே" என்பார்கள். சொன்னால் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் சொல்லாமல்தான் நிற்பார்கள். உரிமையாகக் கிடைக்கும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்பார்கள்.

தோழர்களே! தியாகராய நகரின் பெயர் யாருடையது? நீதிக்கட்சித் தலைவர் சர். பிட்டி தியாகராயருடையது. பனகல் பார்க், பனகால் அரசருடைய பெயர். பாண்டி பஜார், 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டிற்குத் தலைமை வகித்த தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனுடைய பெயர். சென்னைக் கடற்கரையில்தான் 1923இல் தோழர் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அன்று சிலர் கூடிக் கேட்ட அந்த நாள், இன்று 1958ஆம் வருஷத்துச் சட்டத்தில் தொழில் ஸ்தாபனங்களுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக இருக்கின்றது. அது எந்தச் சாமியும் கொடுத்ததல்ல. மனிதர் கேட்டு வாங்கியது. இப்பேர்ப்பட்டவர்கள் பெயரைத் தாங்கிய தெருக்களில் ஓய்வுக்குக் கை நீட்டிப் பிச்சை கேட்கும் நிலை இருப்பது அவர்களுக்கு மரியாதையாகுமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். வீட்டு வேலை செய்கின்றவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும். கடைச் சிப்பந்திக்கு எழுதியிருக்கும் அந்த மூன்று 12 நாளும் அவர்களுக்கும் வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். லீவுக்குக் காரணமாகச் சாமியையோ சாவையோ சொல்ல வேண்டியதில்லை, "எனக்கு ஓய்வு வேண்டும்" என்பதே போதுமான காரணம் என்று சட்டம் சொல்ல வேண்டும்.

சட்டம் வரும்வரை நம் இயக்கத் தோழர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, வீட்டில் வேலைக்காரியின் நாளைக் கணக்குப் பார்த்துப் பிடித்தம் செய்கின்றவன் சுயமரியாதைக்காரன் ஆகமாட்டான். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை முதலே உங்கள் வீட்டுப் பாத்திரத்தை ஆண்களும் பெண்களுமாக நீங்களே தேய்த்துக்கொண்டு, அவளைச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.