அடாப்டர் மாட்டினால் பழைய மின்சார காரும் வேகமாக சார்ஜ் ஆகுமா? ஈசிஆர் பக்கம் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

சனி, ஞாயிறு வந்தாலே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் வரிசைகட்டும். முட்டுக்காடு படகு குழாம், தட்சிணசித்ரா, கோவளம், அப்படியே மாமல்லபுரம் என்பதுதான் சென்னைவாசிகளின் வழக்கமான ரூட். அந்த வரிசையில் இப்போது பச்சை நம்பர் பிளேட் கார்களும் நிறைய. புது மாடல் என்றால் பிரச்சினை இல்லை. ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய மின்சார காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல். சார்ஜிங் ஸ்டேஷனில் போய் நின்றால், அங்கே தொங்கும் கன் ஒரு வடிவம், காரில் இருக்கும் போர்ட் வேறு வடிவம்.

"ஒரு அடாப்டர் வாங்கிட்டா போதும் சார், எங்க வேணா போட்டுக்கலாம்." காரை விற்பவர்கள் சொல்லும் பதில் இது. ஆன்லைனிலும் விதவிதமான அடாப்டர்கள் கிடைக்கின்றன. உண்மையில் இது போதுமா? சட்டம் என்ன சொல்கிறது? ஆபத்து எங்கே இருக்கிறது?

ஒரே நாட்டில் ஏன் இத்தனை வகை கன்?

இந்தியாவில் 2001-ல் ரேவா மின்சார கார் விற்பனைக்கு வந்தது. வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் போதும், வேக சார்ஜ் என்ற பேச்சே கிடையாது. 2013-ல் மஹிந்திரா இ2ஓ, 2016-ல் இ-வெரிட்டோ வந்தன.

2017-ல் மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனம், அரசு அலுவலகங்களுக்காக 10,000 மின்சார கார்கள் வாங்க டெண்டர் விட்டது. டாடா டிகோர், மஹிந்திரா இ-வெரிட்டோ கார்கள் அந்தத் திட்டத்தில் சாலைக்கு வந்தன. இவற்றின் பேட்டரி 72 வோல்ட்டில் இயங்கும் வகை. இவற்றை வேகமாக சார்ஜ் செய்ய அரசுக் குழு பரிந்துரைத்ததுதான் 'பாரத் டிசி-001'. அதிகபட்சம் 15 கிலோவாட், சீனாவின் ஜிபி/டி வடிவ கன்.

அடுத்து வந்த கார்கள் வேறு பாதையில் போயின. 2019 ஜூலையில் ஹூண்டாய் கோனா, 2020 ஜனவரியில் எம்ஜி இசட்எஸ், டாடா நெக்ஸான் மூன்றுமே ஐரோப்பாவில் புழங்கும் 'சிசிஎஸ் 2' போர்ட்டோடு வந்தன. இவற்றின் பேட்டரி 300 வோல்ட்டுக்கும் மேல். 2021 ஆகஸ்டில் வந்த புதிய டிகோரும் சிசிஎஸ் 2-க்கு மாறியது. அதாவது பெயர் ஒன்றுதான். ஆனால் 2019 டிகோருக்கும் 2021 டிகோருக்கும் கன் வேறு, வோல்டேஜும் வேறு.

அரசு விதியும் இடையில் மாறியது. 2018 டிசம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒவ்வொரு பொது சார்ஜிங் ஸ்டேஷனிலும் சிசிஎஸ், சாடெமோ, டைப் 2, பாரத் டிசி, பாரத் ஏசி என ஐந்து வகையும் இருக்க வேண்டும் என்று இருந்தது. செலவு அதிகம் என்ற குரல் எழுந்தது. 2019 அக்டோபரில் அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டு, எந்த வகை வேண்டும் என்பதை ஸ்டேஷன் வைப்பவரே தேர்ந்தெடுக்கலாம் என்றானது. புதுக் கார்கள் எல்லாம் சிசிஎஸ் 2 என்பதால், புதிதாக நிறுவப்படும் வேக சார்ஜர்களும் பெரும்பாலும் அதே வகைதான். பழைய காருக்கான கன் மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

கன் பொருந்தினால் கரண்ட் ஏறிடுமா?

ஏறாது. வேக சார்ஜ் நடக்க மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்.

முதலாவது, வடிவம். இதை அடாப்டர் சரிசெய்யும்.

இரண்டாவது, பேச்சு. சார்ஜரும் காரும் முதலில் பேசிக்கொள்ளும். "எத்தனை வோல்ட் வேண்டும், எத்தனை ஆம்பியர் தாங்குவாய், பேட்டரி சூடு எவ்வளவு" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் மின்சாரம் பாயும். சிசிஎஸ் 2 ஒரு மொழியில் பேசுகிறது, ஜிபி/டியும் ஜப்பானின் சாடெமோவும் வேறு மொழிகளில் பேசுகின்றன. ஆகவே அடாப்டருக்குள் ஒரு குட்டிக் கணினி உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக், செம்புத் துண்டு வேலைக்கு ஆகாது.

மூன்றாவது, வோல்டேஜ். பெரும்பாலான சிசிஎஸ் 2 சார்ஜர்கள் 150 அல்லது 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதே இல்லை. 72 வோல்ட் காரை அதில் மாட்டினால், கன் பொருந்தி, மொழிபெயர்ப்பும் நடந்தாலும் சார்ஜரால் அந்த வோல்டேஜைத் தர முடியாது. 2019 டிகோர், இ-வெரிட்டோ உரிமையாளர்களுக்கு 'சிசிஎஸ் 2 அடாப்டர்' என்று யாராவது விற்க வந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இலங்கையில் மட்டும் எப்படி?

அடாப்டர் ஓரளவு பயன்படும் இடமும் உண்டு. இலங்கையில் 2014, 2015 வாக்கில் வரிச் சலுகையால் ஆயிரக்கணக்கான பழைய நிசான் லீஃப் கார்கள் இறக்குமதியாயின. அவற்றில் இருப்பது சாடெமோ போர்ட். லீஃப் பேட்டரியின் வோல்டேஜ் 350-க்குப் பக்கம். அது சிசிஎஸ் 2 சார்ஜர் தரும் எல்லைக்குள் வருகிறது. ஆகவே மொழிபெயர்க்கும் கணினி உள்ள அடாப்டர் இருந்தால் சார்ஜ் ஏற வாய்ப்பு உண்டு. அப்போதும், லீஃபின் பேட்டரிக்கு திரவக் குளிரூட்டல் கிடையாது என்பதால், வெயில் நேரத்தில் அடுத்தடுத்து வேக சார்ஜ் போட்டால் சூடு ஏறி வேகம் குறைந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் 2019-ல் மின்வாகன சார்ஜிங்குக்காகத் தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. சார்ஜரின் கன்னுக்கும் வாகனத்தின் போர்ட்டுக்கும் நடுவில் அடாப்டர் பயன்படுத்தக் கூடாது என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு நீட்டுவதற்கும் தடை. எனவே பொது ஸ்டேஷனில் ஊழியர் ஒருவர் "அடாப்டர் போடாதீங்க" என்று சொன்னால், அவர் வம்பு செய்யவில்லை, விதியைத்தான் சொல்கிறார்.

"அமெரிக்காவில் எல்லோரும் அடாப்டர் போடுகிறார்களே" என்று கேட்கலாம். அங்கே ஃபோர்டு போன்ற நிறுவனங்கள், டெஸ்லாவின் சார்ஜர்களைப் பயன்படுத்த தங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தாங்களே அடாப்டர் கொடுக்கின்றன. அப்படியும் 2024-ல் ஃபோர்டு, தான் கொடுத்த அடாப்டர்களில் ஒரு பகுதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லி மாற்றித் தர வேண்டி வந்தது. கார் கம்பெனி சோதித்துத் தந்ததிலேயே இந்த நிலை என்றால், பிராண்ட் பெயரே இல்லாத அடாப்டரை எந்த நம்பிக்கையில் மாட்டுவது?

கடற்கரையில் ஆபத்து ஏன் கூடுதல்?

கன்னும் போர்ட்டும் தொடும் இடத்தில் சிறு மின்தடை எப்போதும் இருக்கும். அடாப்டர் நடுவில் வந்தால், அந்த ஒரு தொடுமுனை இரண்டாகிறது. சுத்தமான தொடுமுனையில் 1 மில்லி ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், 100 ஆம்பியர் ஓடும்போது 10 வாட் சூடு. அது பெரிய விஷயமில்லை. ஆனால் துரு, பாசி, தளர்வு சேர்ந்து தடை 10 மில்லி ஓம் ஆனால், அதே கரண்டில் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் எரியவிட்ட மாதிரி.

முட்டுக்காட்டில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம். உப்புக் காற்று உலோகத்தை எப்படி அரிக்கும் என்பது ஈசிஆரில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் அடாப்டரின் முனைகளும் அதற்கு விலக்கு இல்லை. கார் போர்ட்டிலும் நல்ல கன்னிலும் சூட்டைக் கண்காணிக்கும் சென்சார் இருக்கும். மலிவான அடாப்டரில் அது இல்லாமல் போனால், நடுவில் உருகுவது இரண்டு பக்கத்துக்கும் தெரியாது.

பூட்டும் முக்கியம். சார்ஜ் ஏறும்போது கன்னை யாரும் இழுத்துவிடாதபடி கார் பூட்டிக்கொள்ளும். அடாப்டர் போட்டால், காருக்கும் அடாப்டருக்கும் நடுவில் பூட்டு இருக்கும். அடாப்டருக்கும் கன்னுக்கும் நடுவில் இருக்குமா என்பது கேள்விக்குறி. உயர் வோல்டேஜ் டிசி ஓடும்போது கன் கழன்றால் தீப்பொறி பறக்கும்.

சாதா ஏசி சார்ஜரில் மாட்டலாமா?

'டைப் 2 டூ த்ரீ பின்' என்று ஒரு அடாப்டர் பிரபலம். காருக்கே உரிய பழைய 15 ஆம்பியர் சார்ஜரை பொது டைப் 2 கன்னில் செருக உதவும். கார் இணைந்திருக்கிறது என்று ஸ்டேஷனை நம்பவைக்கும் சின்ன ரெசிஸ்டர் உள்ளே இருக்கும். சார்ஜும் ஏறும். சிக்கல் என்னவென்றால், ஸ்டேஷனின் பாதுகாப்பு 32 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருக்கும், உங்கள் ஒயரோ 15 ஆம்பியர் தாங்குவது. கோளாறில் 20, 25 ஆம்பியர் ஓடினாலும் ஸ்டேஷன் டிரிப் ஆகாது. ஒயர்தான் சூடாகும்.

இன்னொன்று, வேகத்தை முடிவு செய்வது கார்தான். 2020 நெக்ஸானில் காருக்குள் இருக்கும் ஏசி சார்ஜர் 3.3 கிலோவாட். அதை 22 கிலோவாட் ஏசி கன்னில் மாட்டினாலும் 3.3-க்கு மேல் ஏறாது. எந்த அடாப்டரும் இதை மாற்றாது.

பழைய கார் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்ப 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். 2019 ஜூனில் வந்த டிகோருக்குச் சான்றிதழில் இருந்த ரேஞ்ச் 142 கி.மீ., அக்டோபரில் வந்ததற்கு 213 கி.மீ. பேட்டரியின் வயது, ஏசி, டிராஃபிக் எல்லாம் கழித்தால், முதல் மாடலுக்கு இந்தப் பயணமே இழுபறிதான்.

* கிளம்பும் முன் செயலியில் 'ஸ்டேஷன் இருக்கா' என்று மட்டும் பார்க்காமல், எந்த வகை கன் என்று பாருங்கள். போன் செய்து, அது வேலை செய்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.
* தங்கும் இடத்தில் எர்த்திங் உள்ள 15 ஆம்பியர் பிளக்கை அனுமதியோடு பயன்படுத்தலாம். இரண்டு மணி நேரத்தில் சுமார் 5 யூனிட் ஏறும். மெதுவாக ஓட்டினால் 30 கி.மீ. வரை கைகொடுக்கும்.
* செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது போர்ட் மூடியைத் திறந்து பாருங்கள். பேட்டரி எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். 'அடாப்டர் தருகிறோம்' என்பதை விலைக்கான காரணமாக ஏற்க வேண்டாம்.
* அடாப்டரால் சேதம் வந்தால் வாரன்டி, இன்சூரன்ஸ் இரண்டிலும் கேள்வி எழும். கார் கம்பெனி எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்ளாத எதையும் மாட்டாதீர்கள்.

இதில் உரிமையாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 72 வோல்ட் கார்களும் அவற்றுக்கான கன்னும் அரசின் பரிந்துரையில் வந்தவை. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் வசதிக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. புதிதாக வைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மீட்டரோடு ஒரு 15 ஆம்பியர் பிளக் சேர்ப்பது பெரிய செலவில்லை. அது இருந்தால் பழைய காரும் மெதுவாகவாவது வீடு போய்ச் சேரும். விதி தடை செய்த அடாப்டரைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்காது.