ஏலத் தோட்டப் பெண்களுக்கும் அறிவொளி வேண்டும்



கற்பவரின் உழைப்பையும் உரிமையையுமே பாடமாக்கி, கற்பிப்பவரும் கற்பவரும் சேர்ந்து கேள்வி எழுப்பும் முறையே மக்கள் கல்வி. பிரேசிலின் பாவ்லோ ஃபிரெய்ரே வளர்த்த அம்முறையின் சாயலை, 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கி, கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் பழக்கிய அறிவொளி இயக்கத்தில் காணலாம். போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, கேரளத் தோட்டங்களில் ஏலக்காய் எடுக்கும் பெண்களுக்கு அத்தகைய கல்வி இன்றும் எட்டவேண்டியதாகவே உள்ளது. வேலை நாள்களைத் தாங்களே குறித்துக் கூலியோடு ஒப்பிடுவதும், எல்லை தாண்டியபின் குறைந்தபட்சக் கூலியை எந்த அரசு நிர்ணயிக்கிறது, ஜீப் கவிழ்ந்தால் இழப்பீட்டை எங்கே கோருவது என்பனவும் அக்கல்வியில் அரிச்சுவடியோடு சேர்ந்த முதற்பாடங்களாக வேண்டும். மாலையில் ஜீப் இறக்கிவிடும் தெருவிலேயே, அடுப்படி வேலை ஓய்ந்தபின் வகுப்பு நடந்தால்தான் அவர்களால் வர இயலும் என்பதை மாவட்ட நிர்வாகம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், போடிநாயக்கனூர்