விலையைக் காட்டும் பெட்டி நேரத்தை மறைப்பது ஏன்?

தொலைக்காட்சிச் சந்தா விதிகளில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஜூலையில் செய்த திருத்தங்களைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் 130 ரூபாயைப் பற்றித்தான் பேசினார்கள். 200 சேனல்கள் வரை 130 ரூபாய், அதற்கு மேல் 160 ரூபாய் என்று நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. சுமை கடைசியில் சந்தாதாரர் தலையில்தான் விழும் என்றது ஒரு தரப்பு. போட்டி வந்தால் விலை தானாகக் குறையும் என்றது மறுதரப்பு. அதே திருத்தங்களில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. செட்டாப் பாக்ஸில் தெரியும் நிகழ்ச்சி வழிகாட்டியில் ஒவ்வொரு சேனலுக்கும் எதிரே அதன் விலையைக் காட்ட வேண்டும். ஆபரேட்டர்கள் சொந்தமாக நடத்தும் சேனல்களைத் தனி வகையாகப் பிரித்துக் காட்ட வேண்டும். நல்ல விதிகள்தாம். ஆனால் அதே திரையில் ‘9.00 – 9.30’ என்று ஒரு நேரமும் நிற்கிறது. அது உண்மையா பொய்யா என்று கேட்க ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தோன்றவே இல்லை.

இதை அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள், ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு வேலைக்குப் போகிறவர்களை அறியாதவர்கள். இரவுப் பணிக்குப் போகும் செவிலியர் ஒருவர் ஒன்பது மணி சீரியலைப் பதிவு செய்ய வைத்துவிட்டுக் கிளம்புகிறார். காலையில் வந்து போட்டுப் பார்த்தால் முதல் ஆறு நிமிடம் முந்தைய சீரியலின் கடைசிக் காட்சியும் அதற்குப் பின் வரும் விளம்பரங்களும். அப்புறம் அவருடைய சீரியல் தொடங்குகிறது. கோயில் வாசலில் கதாநாயகி யாரையோ கண்டு திடுக்கிட்டுத் திரும்புகிறாள். யாரென்று காட்டுவதற்குள் மணி ஒன்பதரை. பெட்டி தன் கடமையைச் சரியாகச் செய்து பதிவை நிறுத்திவிட்டது. சீரியலின் உயிர் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அடுத்த நாள் வேறு விதம்: சீரியல் நான்கு நிமிடம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஞாயிறு மாலை 6.30 மணிப் புதுப்படம் என்றால் கேட்கவே வேண்டாம். வழிகாட்டியில் மூன்று மணி நேரம் போட்டிருப்பார்கள்; விளம்பரங்களோடு படம் முடிய பத்தரை ஆகும். பதிவில் கிளைமாக்ஸ் இருக்காது.

புகார் சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். “சார், அஞ்சு நிமிஷம் முன்னாடி, பதினஞ்சு நிமிஷம் பின்னாடி விட்டு டைம் செட் பண்ணிக்கோங்க சார். சேனல்காரங்க லேட்டா போட்டா நாங்க என்ன சார் பண்றது?” என்றது ஒரு டிடிஎச் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை. சேனல் தரப்பில் கேட்டால், திரையில் நேரம் காட்டுவது டிடிஎச் கம்பெனி, அவர்களைக் கேளுங்கள் என்கிறார்கள். முன்னும் பின்னும் விட்டுப் பதிவு செய்வது ஒன்றும் புது யோசனை இல்லை. ரெக்கார்டர் வைத்திருக்கிற எல்லோரும் அதைச் செய்துதான் காலம் தள்ளுகிறார்கள். அடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவு செய்கிறார்கள். பெயரை நம்பாமல் நேரத்தைக் கையால் குறித்துப் போடுகிறார்கள். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு சேனல்களுக்கு மேல் பதிவு செய்ய முடியாத பெட்டியில், மாமியாரின் எட்டரை மணி சீரியலுக்குப் பின்னால் பதினைந்து நிமிடமும், மருமகளின் ஒன்பது மணி சீரியலுக்கு முன்னால் ஐந்து நிமிடமும் விட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாராவது செய்தி பார்த்துக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்று பலியாகிறது. சந்தா கட்டுகிறவர் தன் வீட்டுக்குள் இப்படிப் பஞ்சாயத்து செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் தரும் தீர்வு.

இதெல்லாம் தொழில்நுட்பத்தின் எல்லை, தவிர்க்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு 1985-ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அப்போது மேற்கு ஜெர்மனியின் பொது ஒளிபரப்பாளர்களான ஏஆர்டியும் இசட்டிஎஃபும் விபிஎஸ் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தன. நம் ஊரில் வாடகைக்கு எடுத்த டெக்கில் விடிய விடியப் படம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த முறையின் அழகை விரித்துச் சொன்னால்தான் நாம் இழந்துகொண்டிருப்பது என்னவென்று புரியும். அனலாக் படத்தில் கண்ணுக்குத் தெரியாத சில கோடுகள் உண்டு. அவற்றில் பதினாறாவது கோட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு முத்திரை ஓடிக்கொண்டே இருக்கும். அதில் நாள், மாதம், சேனல், முதலில் அறிவிக்கப்பட்ட தொடக்க நேரம் எல்லாம் அடங்கும். ஒரு படம் இரவு ஒன்பது மணிக்கு என்று பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. கால்பந்து ஆட்டம் நீண்டு படம் ஒன்பது முப்பத்தைந்துக்குத்தான் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்கு வீட்டு வீசிஆர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, முத்திரையைப் பார்க்கிறது. ‘ஒன்பது மணி நிகழ்ச்சி’ என்ற முத்திரை இன்னும் வரவில்லை, ஆகவே காத்திருக்கிறது. ஒன்பது முப்பத்தைந்துக்குப் படம் தொடங்குகிறது, முத்திரை வருகிறது, டேப் ஓடத் தொடங்குகிறது. முத்திரை மாறும்போது நின்றுவிடுகிறது. படம் எவ்வளவு தாமதமானாலும், எவ்வளவு நீண்டாலும், ஒரு நொடி வீணில்லை, ஒரு காட்சி இழப்பில்லை. இதற்கு இணையம் வேண்டியிருக்கவில்லை, செயற்கை நுண்ணறிவும் வேண்டியிருக்கவில்லை. ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையில் நிகழ்ச்சி மாறும்போது முத்திரையை மாற்றும் ஒழுக்கம் மட்டும் வேண்டியிருந்தது.

பிரிட்டனில் இதே வேலையை டெலிடெக்ஸ்ட் வழியாகச் செய்தார்கள். இன்று அங்கே ஃப்ரீவியூ ரெக்கார்டர்கள் நிகழ்ச்சி தொடங்கும் சமிக்ஞையைப் பார்த்தே பதிவைத் தொடங்குகின்றன. ஜப்பானில் இரவு பேஸ்பால் ஆட்டம் நீண்டு அடுத்த நிகழ்ச்சிகள் தள்ளிப்போவது சாதாரணம். டிஜிட்டல் ஒளிபரப்பு வந்த பிறகு அங்குள்ள ரெக்கார்டர்கள் மாறிய நேரத்தைத் தாமே பின்தொடர்ந்து பதிவு செய்கின்றன.

நம்மிடம் அந்த வசதி இல்லையா? இருக்கிறது. நம் டிடிஎச் ஒளிபரப்பு நடப்பதே டிவிபி என்ற ஐரோப்பியத் தரத்தில்தான். அந்தத் தரத்தின் நிகழ்ச்சி அட்டவணையில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ‘இயங்கும் நிலை’ என்று மூன்று பிட் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இன்னும் தொடங்கவில்லை என்பதற்கு ஒரு எண், ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு எண். இரண்டு என்ற எண்ணுக்கு என்ன பொருள் தெரியுமா? ‘இன்னும் சில நொடிகளில் தொடங்கும்’. ‘எடுத்துக்காட்டாக, வீடியோ பதிவுக்காக’ என்று தர ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் செவிலியரை மனத்தில் வைத்தே யாரோ ஒருவர் அந்த எண்ணை ஒதுக்கியிருக்கிறார். 2008-இல் டாடா ஸ்கை பிளஸ் வந்தபோதே நம் வீடுகளுக்கு ரெக்கார்டர் வந்துவிட்டது. ரெக்கார்டரை விற்றவர்கள் அதற்கு வழிகாட்ட வேண்டிய அந்த மூன்று பிட்டை ஒழுங்காக நிரப்பக் கவலைப்படவில்லை.

ஏன் கவலைப்படவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சேனல்களுக்கு நேரம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் தொலைக்காட்சி விளம்பரம் பத்து நொடிக் கணக்கில் விற்கப்படுகிறது. எந்த விளம்பரம் எந்தத் தேதியில் எந்த மணியில் எந்த நிமிடத்தில் எந்த நொடியில் போயிற்று என்று விளம்பரதாரருக்கு ஒளிபரப்புச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். கொடுத்தால்தான் பணம் வரும். கட்டுப்பாட்டு அறையில் எல்லாம் கணினி வரிசைப்படி ஓடுகிறது. அடுத்த எபிசோடின் முதல் ஃபிரேம் எப்போது போகும் என்பது அந்தக் கணினிக்குத் தெரியும். விளம்பரதாரருக்கு நொடி சுத்தமாகக் கணக்குக் கொடுக்கும் நிறுவனம், சந்தாதாரருக்கு மட்டும் ஒரு வாரத்துக்கு முன் தயாரித்த நிகழ்ச்சி அட்டவணையை அனுப்பிவிட்டுக் கை கழுவுகிறது. அன்றைக்கு மகா சங்கமம் என்று இரண்டு சீரியலைச் சேர்த்து ஒரு மணி நேரம் ஆக்கினால்கூடத் திரையில் பழைய அட்டவணையே நிற்கிறது. இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. இது வேண்டுமென்றே செய்வது. ஒன்பது மணிக்குச் சரியாக முடித்தால் ரிமோட் அடுத்த சேனலுக்குப் போய்விடும். ஒன்பது ஆறுக்கு முடித்தால் அங்கே ஆறு நிமிடக் கதை ஓடி முடிந்திருக்கும், பார்வையாளர் எழுந்து போகமாட்டார். டிஆர்பி யுத்தத்தில் நம் கடிகாரத்தை ஆயுதமாக்கியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டெட் டர்னர் தன் டிபிஎஸ் சேனலில் 1981-இல் இதே உத்தியைத்தான் செய்தார். நிகழ்ச்சிகளை மணிக்கும் அரை மணிக்கும் ஐந்து நிமிடம் தள்ளித் தொடங்கினார். ஆனால் சொல்லிவிட்டுச் செய்தார். அச்சிட்ட அட்டவணைகளிலும் 7.05, 7.35 என்றே வந்தது. வியாபார உத்தி என்றால் அப்படி வெளிப்படையாக இருக்கட்டும். 9.06-க்குத் தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டால் வழிகாட்டியில் 9.06 என்று போடுவதில் என்ன வலி?

இனி யார் ரெக்கார்ட் செய்கிறார்கள், எல்லாம் ஓடிடியில் இருக்கிறதே என்பார்கள். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய நிகழ்ச்சியை இன்னொரு சந்தாவும் டேட்டாவும் கொடுத்து மறுபடி வாங்கச் சொல்வது பதிலே இல்லை. பதிவு செய்தால் விளம்பரத்தை ஓட்டிவிட்டுப் பார்க்கிறார்கள், சேனலுக்கு நஷ்டம் என்பது இன்னொரு வாதம். கேபிள் விதிகள் மணிக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன. டிராய் அதை நடைமுறைப்படுத்த முனைந்தபோது, 2013-இல் ஒளிபரப்பாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலப் பாதுகாப்பு வாங்கினார்கள். அவர்களுக்கு நஷ்டத்தைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை. ஜெர்மனியிலேயே தனியார் சேனல்கள் விபிஎஸ்ஸில் அக்கறை காட்டவில்லையே என்று விவரம் தெரிந்த ஒருவர் கேட்கலாம். உண்மைதான். கட்டாயம் இல்லாத இடத்தில் தனியார் சேனல் செய்யாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது.

நேரலை விளையாட்டு வேறு விஷயம், அதை ஒப்புக்கொள்கிறேன். 2019 ஜூலை 14-ஆம் தேதி லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதியாட்டம் சமனாகி, சூப்பர் ஓவரும் சமனாகி முடிந்தது. அதே நாளில் விம்பிள்டனில் ஜோகோவிச்சும் பெடரரும் 4 மணி 57 நிமிடம் ஆடினார்கள். எந்த அட்டவணையும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்த மூன்று பிட் சொல்லியிருக்கலாமே! அட்டவணை நேரத்தை நம்பிப் பதிவு செய்தவரிடம், இரண்டு விளையாட்டுகளின் வரலாற்றிலும் பெயர் பெற்ற அந்தக் கடைசி நிமிடங்கள் இருக்காது. சீரியலுக்கும் ஏற்கெனவே படமாக்கி முடித்த சினிமாவுக்கும் அந்தச் சாக்கும் கிடையாது.

சென்னைத் தொலைக்காட்சிக் காலத்தில் படம் நின்றால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு அட்டையாவது வந்தது. வருந்த வேண்டும் என்ற நினைப்பு அரசுச் சேனலுக்கு இருந்தது.

டிராய் கையாலாகாத அமைப்பு என்று நான் சொல்லமாட்டேன். 2017 விதிகளில் அது வழிகாட்டிக்குள் புகுந்து எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்திருக்கிறது பாருங்கள். ஒரே வகைச் சேனல்களை அடுத்தடுத்து வைக்க வேண்டும். ஒரு சேனலுக்கு ஒதுக்கிய எண்ணைக் குறைந்தது ஓராண்டுக்கு மாற்றக் கூடாது. இது ஏன் விதியாயிற்று? எண் மாறினால் சேனலின் டிஆர்பி விழும். சேனல்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். நேரம் மாறினால் விழுவது சந்தாதாரரின் ஒரு இரவு மட்டும்தான். அவருக்காக டெல்லிக்குப் போய் வாதாட யாரும் இல்லை. சேனலின் எண்ணுக்கு ஓராண்டுப் பாதுகாப்பு, நிகழ்ச்சியின் நேரத்துக்கு ஒரு நாள் பாதுகாப்புகூட இல்லை என்றால், இந்த ஒழுங்குமுறை யாருக்காக நடக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

2020-இல் நாட்டில் கட்டண டிடிஎச் சந்தாதாரர்கள் சுமார் 7 கோடி. 2025 மார்ச்சில் அது சுமார் 5.7 கோடி. ஓடிடி, இலவச டிஷ், செல்போன் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் காரணம், பெட்டி சொன்ன நேரத்தில் சொன்ன நிகழ்ச்சி இருப்பதில்லை என்பதுதான். நினைத்த நேரத்தில் பார்க்கலாம் என்ற ஒரே உறுதிக்காகத்தான் மக்கள் ஓடிடிக்குப் போகிறார்கள். அந்த உறுதியை ரெக்கார்டர் எப்போதோ கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவிடாமல் செய்தவர்கள் இன்று சந்தா போகிறதே என்று புலம்புகிறார்கள்.

செய்ய வேண்டியது கடினமே இல்லை. இயங்கும் நிலைச் சமிக்ஞையை ஒவ்வொரு சேனலும் தன் ஒளிபரப்புக் கணினியிலிருந்து நேரடியாக அனுப்புவதை டிராய் கட்டாய விதியாக்க வேண்டும். ஆபரேட்டர்கள் அதை மாற்றாமல் பெட்டிக்குக் கடத்த வேண்டும். நேரலை தவிர்த்த நிகழ்ச்சி எதுவும் அறிவித்த நேரத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகினால், அன்றைய நாளுக்கான சேனல் கட்டணத்தைச் சந்தாதாரர் கணக்கில் திருப்பி வரவு வைக்க வேண்டும். மாதம் 19 ரூபாய் சேனலுக்கு ஒரு நாள் கணக்கு 63 பைசாதான். ஆனால் பத்து லட்சம் வீடுகளுக்கு அது ஓர் இரவில் 6 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். ரீசார்ஜ் முடிந்ததும் வீடு வீடாகச் சேனலை நிறுத்தத் தெரிந்த நிறுவனங்களுக்கு, அதே வீடுகளின் கணக்கில் 63 பைசாவை வரவு வைக்கத் தெரியாது என்று டிராயிடம் போய்ச் சொல்லட்டும், பார்க்கலாம்.