ஒரு வடிகாலுக்கு எத்தனை எஜமானர்கள்?

தில்லியில் ஒரு தெருவில் மழைநீர் தேங்கினால், அதை அகற்றும் பொறுப்பு யாருடையது என்பது அந்தத் தெருவின் அகலத்தைப் பொறுத்தது. 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் 2012-ல் மாநில அரசின் பொதுப்பணித் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. அதைவிடக் குறுகிய தெருக்கள் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளன. கழிவுநீர்க் குழாய்களைக் குடிநீர் வாரியம் கவனிக்கிறது. பெருங்கால்வாய்கள் பாசனம் மற்றும் வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையிடமும், தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கும் குடியிருப்புகளின் வடிகால்கள், அவை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்படும் வரை, அந்த ஆணையத்திடமும் இருக்கின்றன. நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் அமைந்த பகுதிக்கு புது தில்லி மாநகராட்சிக் கவுன்சில் என்ற தனி அமைப்பு உண்டு. இத்தனை எல்லைகளும் கோப்புகளில் தெளிவாக உள்ளன. மழைநீர்தான் அவற்றை மதிப்பதில்லை.

இந்தப் பாகுபாட்டுக்கு மக்கள் தரும் விலை என்ன என்பது 2024 ஜூலை 27-ஆம் தேதி தெரியவந்தது. பழைய ராஜேந்தர் நகரில் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் அடித்தள நூலகத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். பொருள்கள் வைக்கவும் வாகனங்கள் நிறுத்தவும் மட்டுமே அனுமதிக்கப்பட்ட அடித்தளம் அது. மாநிலத்திலும் மாநகராட்சியிலும் அப்போது ஆட்சியிலிருந்த ஆம் ஆத்மி கட்சி, துணைநிலை ஆளுநரின் கட்டுப்பாட்டில் உள்ள அதிகாரிகளைக் குறை கூறியது. பாஜகவோ, இரு இடங்களிலும் ஆள்பவர்களே பதில் சொல்ல வேண்டும் என்றது. மாநகராட்சியின் இளநிலைப் பொறியாளர் ஒருவர் பணிநீக்கமும், உதவிப் பொறியாளர் ஒருவர் இடைநீக்கமும் செய்யப்பட்டனர். ஆகஸ்ட் 2-ஆம் தேதி விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்தது தில்லி உயர் நீதிமன்றம். தலைநகரின் வடிகால்களுக்கான பெருந்திட்டம் 1976-ல் தயாரிக்கப்பட்டது என்ற உண்மை அதற்குப் பிறகே பலரது கவனத்துக்கு வந்தது. அரை நூற்றாண்டுக் காலத் தேக்கத்துக்கு இரண்டு பொறியாளர்கள் மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

இந்தச் சிக்கல் தற்செயலாக உருவானதல்ல. 1989-ல் அறிக்கை அளித்த பாலகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1991-ல் அரசமைப்புச் சட்டத்தின் 69-ஆவது திருத்தம் நிறைவேறியது. அதன்படி தில்லிக்குச் சட்டப்பேரவையும் அமைச்சரவையும் கிடைத்தன. ஆனால் சட்டம்-ஒழுங்கு, காவல், நிலம் ஆகிய மூன்றும் மத்திய அரசிடமே நிறுத்திக் கொள்ளப்பட்டன. பள்ளியோ மருத்துவமனையோ கட்ட மாநில அரசு முடிவெடுத்தாலும், அதற்கான நிலத்துக்குப் பெரும்பாலும் மத்திய அரசின் கீழுள்ள தில்லி வளர்ச்சி ஆணையத்தை நாட வேண்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஏழைக் குழந்தை, ஆறாம் வகுப்புக்கு மாநில அரசுப் பள்ளிக்குச் செல்கிறது. சஃப்தர்ஜங் மருத்துவமனை மத்திய அரசுடையது. லோக்நாயக் மருத்துவமனை மாநில அரசுடையது. இந்து ராவ் மருத்துவமனை மாநகராட்சியுடையது. நோயாளிக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆயினும், 2020-ல் கரோனா காலத்தில் ஊதியம் கிடைக்காமல் இந்து ராவ் மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கியபோது, நிதி தராதது மாநில அரசா, நிர்வகிக்கத் தெரியாதது மாநகராட்சியா என்ற வாதத்துக்கு நடுவே சிக்கியவர்கள் நோயாளிகள்தாம்.

அதிகாரிகள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற வழக்கு எட்டு ஆண்டுகள் நீடித்தது. 2015-ல் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, அதிகாரிகள் நியமனம், இடமாற்ற அதிகாரத்தைத் துணைநிலை ஆளுநருக்கு அளித்தது. 2023 மே 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு ஒருமனதாக அளித்த தீர்ப்பு, மூன்று விதிவிலக்குகள் நீங்கலாகப் பிற துறைகளின் அதிகாரிகள் மீதான அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கே உண்டு என்றது. அதிகாரி அமைச்சருக்கும், அமைச்சர் பேரவைக்கும், பேரவை வாக்காளருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். எட்டே நாள்களில் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அதை நாடாளுமன்றம் சட்டமாக்கியது. முதல்வர், தலைமைச் செயலர், உள்துறை முதன்மைச் செயலர் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் பெரும்பான்மை அடிப்படையில் முடிவெடுக்கும். இறுதிச் சொல் துணைநிலை ஆளுநருடையது என்று சட்டம் கூறுகிறது. அதாவது, மக்கள் வாக்களித்து அமர்த்திய முதல்வரை இரண்டு அதிகாரிகள் வாக்களித்துத் தோற்கடிக்கலாம்.

மாநகராட்சியின் கதை இன்னும் மோசம். 2012-ல் அது மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வருவாய் குறைந்த கிழக்கு தில்லி மாநகராட்சியால் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஊதியம்கூட ஒழுங்காகத் தர இயலவில்லை. 2015-லும் 2016-லும் வேலைநிறுத்தம் நடந்து, தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. 2022-ல் மூன்றும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. அப்போது மாநில அரசிடம் இருந்த பல அதிகாரங்கள் மத்திய அரசுக்கு மாறின. அதன் பிறகு நடந்த தேர்தலுக்குப் பின், நியமன உறுப்பினர்கள் குறித்த தகராறில் நிலைக்குழு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அமைக்கப்படவில்லை. 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு அப்போது அந்தக் குழுவின் ஒப்புதல் தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், நகரம் அடைந்த நஷ்டம் விளங்கும்.

தேசத்தின் தலைநகரில் மத்திய அரசுக்குத் தனி அக்கறை இருக்க வேண்டும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அயல்நாட்டுத் தூதரகங்களும் நாடாளுமன்றமும் உள்ள இடத்தில் பாதுகாப்புப் பொறுப்பை மாநில அரசிடம் மட்டும் விட்டுவிட எந்த மத்திய அரசும் முன்வராது. ஆனால் அந்த வாதம் பொருந்தும் புது தில்லி கவுன்சில் பகுதி ஏறத்தாழ 43 சதுர கிலோமீட்டர் மட்டுமே. தில்லியின் மொத்தப் பரப்பான 1,484 சதுர கிலோமீட்டரில் இது 3 சதவீதம்கூட இல்லை. எஞ்சிய பகுதியில் சாக்கடை தூர்வாரும் பொறியாளரை யார் இடமாற்றம் செய்வது என்பதற்கும் தேசப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு?

2025 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் 70 இடங்களில் 48-ஐ வென்று பாஜக தில்லியில் ஆட்சி அமைத்தது. ஏப்ரலில் மேயர் பதவியும் அக்கட்சிக்குக் கிடைத்தது. மத்தியிலும் மாநிலத்திலும் மாநகராட்சியிலும் ஒரே கட்சி என்பதால் பூசல் தீர்ந்தது என்று கருதுவோர் உண்டு. பழி சுமத்த எதிர்க்கட்சி அரசு இல்லை என்பது ஒரு நன்மைதான். ஆனால் மூன்று இடங்களிலும் ஒரே கட்சி ஆண்டால்தான் குப்பை அள்ளப்படும் என்றால், அது கூட்டாட்சி ஆகாது. வாக்காளர் ஒவ்வொரு தேர்தலிலும் வேறு வேறு முடிவெடுக்க உரிமை படைத்தவர். சட்டம் அந்த உரிமைக்கு ஈடுகொடுக்க வேண்டுமேயன்றி, வாக்காளர் சட்டத்துக்கு ஏற்ப வாக்களிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாகாது.

இது தில்லியோடு முடிகிற விவகாரமும் அல்ல. சட்டப்பேரவை உள்ள மற்றொரு யூனியன் பிரதேசமான புதுச்சேரியில், நாராயணசாமி அரசுக்கும் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடிக்கும் இடையே இலவச அரிசி வழங்குவதா, அதற்கு ஈடாகப் பணம் வழங்குவதா என்பதில்கூட மோதல் எழுந்து, நீதிமன்றம் வரை சென்றதைத் தமிழ் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வடிகால், சாலை, குப்பை அகற்றல் ஆகிய ஒவ்வொரு பணிக்கும் ஒரே அமைப்பைச் சட்டப்படி பொறுப்பாக்க வேண்டும். அந்தப் பணிக்கான நிதியும் பணியாளர்களும் அதே அமைப்பின் கீழ் வர வேண்டும். 1992-ல் நிறைவேறிய 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு உரியவை எனப் பட்டியலிட்ட 18 பணிகளில் எவை உண்மையில் மாநகராட்சியிடம் உள்ளன என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் குடிநீர் பற்றியோ சுகாதாரம் பற்றியோ கேள்வி எழுந்தால், இது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்று தொடங்குவது அமைச்சர்களுக்கு வழக்கமாகிவிட்டது. தில்லியைப் பொறுத்தவரை அந்தப் பதில் செல்லாது. அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது நாடாளுமன்றம்தான். அதைச் செலுத்துபவர்களிடம் கணக்குக் கேட்பதும், முடியாவிட்டால் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடம் திருப்பித் தருவதும் அதன் கடமை.