மஞ்சளும் உரைகல்லும்

அம்மன் சந்நிதியில் பெற்ற மஞ்சளை நெற்றியிலும் கன்னத்திலும் பூசி மகிழ்வது நம் முன்னோர் வழக்கம். மஞ்சள்பொடி புண்ணை ஆற்றும் என்பதைப் புதிய கண்டுபிடிப்பாகக் கருதி, 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கினர். நம் நாட்டின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வழக்காடியது. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது.

அன்று நிலைநாட்டப்பட்டது நம் அறிவின் தொன்மை. மஞ்சள் எல்லோர் தோலுக்கும் ஒக்கும் என்பதன்று. அதற்கு நிறம் தரும் குர்குமின் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். ஐயத்திற்குரிய பொருளை அவர்கள் முதுகில் சிறிதளவு ஒட்டி, 48 மணி நேரம் சென்றபின் எடுத்து, சிவப்போ தடிப்போ தோன்றுகிறதா என நோக்குவர். ஓரிரு நாள் கழித்து மீண்டும் நோக்குவர்.

முதுமையில் தோல் மெலிந்து உலர்ந்துவிடும். ஆகவே மூலிகை முகப்பூச்சோ களிம்போ வாங்கினால், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு, காலையும் மாலையும், ஏழு நாள்கள் தடவிப் பாருங்கள். அரிப்பு, எரிச்சல், சிவப்பு கண்டால் உடனே கழுவி நிறுத்திவிடுங்கள். தணியாவிடில் மருத்துவரை நாடுங்கள். ஆறாத புண்மீது எதையும் தாமாகப் பூச வேண்டா.

பொன்னை உரைத்துப் பார்ப்பதால் பொன்னின் பெருமை குறைவதில்லை. மூலிகையைச் சோதிப்பதும் அத்தகையதே. மஞ்சள் ஒவ்வாதவர் அதை அன்னையின் திருவடியில் வைத்து வணங்கட்டும். பூச இயலாதவரின் பக்தியை அவள் குறைவாகக் கொள்ளாள்.