இலங்கைத் தமிழ் ஏதிலியர் குறித்து இந்தியாவும் இலங்கையும் பொது உடன்படிக்கை காணக் கோரும் மனு

பெறுநர்: வெளியுறவுச் செயலாளர், உள்துறைச் செயலாளர், இந்திய அரசு, புது தில்லி.
வழி: மறுவாழ்வுத் துறை ஆணையர், தமிழ்நாடு அரசு, சென்னை.
விடுநர்: முகாம்வாழ் மக்களின் நலனுக்காகச் செயல்படும் எமது சங்கத்தின் நிர்வாகிகள்.



1983 இனக்கலவரம் தொடங்கி இறுதிப் போர் வரை பாக் நீரிணையைக் கடந்து வந்தவர்களில் 58,822 பேர் 108 முகாம்களில் வாழ்வதாக 2021-இல் மாநில அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. போர் முடிந்தது 2009-இல். ஆயினும் இவர்கள் நிலை மாறவில்லை. இந்தியச் சட்டத்தின் பார்வையில் இவர்கள் என்றேனும் திரும்பிப்போக வேண்டிய அயல்நாட்டவர். இலங்கைக்குத் திரும்ப நினைத்தாலோ பிறப்புப் பதிவும் குடியுரிமைச் சான்றும் முதலில் வேண்டும். திரும்பிய பின் காணியும் வீடும் பிழைப்பும் கிடைக்க எந்த உறுதியும் இல்லை. 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடைப்பதில்லை. இரு நாட்டுச் சட்டங்களும் ஒன்றோடொன்று பொருந்தாத இடைவெளியில் இவர்கள் நிற்கிறார்கள். அந்த இடைவெளியை ஓர் அரசு தனியாக அடைக்க முடியாது என்பதே எங்கள் வாதம்.

இரு அரசுகளும் கூடிப் பேசித் தீர்வு கண்டதற்கு முன்னுதாரணம் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவுசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. ஆனால் யார் எந்த நாட்டுக்கு என்பது எண்ணிக்கையால் முடிவானதே தவிர, அம்மக்களைக் கலந்து முடிவானதல்ல. அதனால் பிரிந்த குடும்பங்களின் துயரம் தலைமுறை கடந்தும் ஆறவில்லை. புதிய உடன்படிக்கை, இரு அரசுகளும் கூடி முடிவெடுத்த அந்தத் துணிவைக் கைக்கொள்ள வேண்டும். மக்களைக் கலக்காமல் விட்ட குறையைக் களைய வேண்டும்.

இத்தகைய ஏற்பாடு புதிய வருகையைத் தூண்டும், பாதுகாப்பைப் பாதிக்கும் என்று சிலர் அஞ்சுகின்றனர். எல்லையைத் திறந்துவிடுமாறு நாங்கள் கேட்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனை விதிகளிலிருந்து 2025-இல் மத்திய அரசே விலக்கு அளித்தது. யார் பயனாளி என்பதற்கு எல்லைக்கோடு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்தின் விவரமும் முகாம் பதிவேடுகளில் உள்ளது. தண்டனையிலிருந்து விலக்கு நிம்மதி தருகிறது. ஆனால் உரிமை தருவதில்லை. போர் ஓய்ந்துவிட்டதே, திரும்பலாமே என்போருக்கும் எங்கள் பதில் ஒன்றே: விரும்புவோர் மதிப்போடு திரும்ப வழி வேண்டும்; ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை அறியாத ஊருக்கு அனுப்புவது திரும்புதல் ஆகாது.

ஆகவே, இரு நாட்டு அதிகாரிகளும் முகாம் மக்களின் பிரதிநிதிகளும் அடங்கிய கூட்டுக்குழுவை அமைக்கவும், ஒவ்வொருவரின் விருப்பத்தையும் எழுத்துமூலம் பெறவும், இலங்கைக்குத் திரும்புவோருக்குச் சான்றிதழும் காணியும் வாழ்வாதாரமும் உறுதிசெய்யவும், தங்க விரும்புவோருக்கு இந்தியக் குடியுரிமை வழங்கவும், இவையனைத்துக்கும் காலவரையறை அறிவிக்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்