ஷட்டர் திருகறதெல்லாம் ஒரு வேலையா?

"ஒரு ஷட்டரைத் திருகறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு கவர்மெண்ட் சம்பளம் வேற. ஒரு சென்சார், ஒரு மோட்டார் போட்டா முடிஞ்சது சார்!"

போன தடவை ஊருக்கு வரும்போது ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் அருளிய தத்துவம் இது. பூதலூரில் இறங்குகிற அவசரத்தில் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்த பதில்தான் இந்தப் பதிவு.

அவர் சொன்னது லஸ்கர்களை. ஆத்துக் கரையிலயும் வாய்க்கால் தலைப்புலயும் டார்ச் லைட்டோட நிக்கிற மனுசங்க. ஒரு காலத்துல நானும் இதே கட்சிதான்.

சில வருஷம் முன்னாடி ஐப்பசியில, அப்பா ஊரில் இல்லாத நேரம் பாத்து விடிய விடிய மழை. நட்டு பத்து நாள் ஆன சம்பா, நாத்து நுனி மட்டும் வெளியே தெரியுது. மடையை நானே வெட்டி விட்டேன். என் வயல் தண்ணி வடியல, பக்கத்து வயல் தண்ணியும் சேர்ந்து உள்ளே வந்தது :-)

லஸ்கரிடம் ஓடி, "அண்ணே, தலைப்பை முழுசா மூடிடுங்க"ன்னேன்.

"மூடிட்டா வர்ற தண்ணி எங்க தம்பி போகும்? மேல கரையை உடைச்சுக்கும். கீழ வடிகால் என்ன கதியில கெடக்குன்னு பாத்தீங்களா?"

பாக்கலை. அவர் முதலில் மேல் தலைப்பு ஆளுக்குப் போன் போட்டார். ஷட்டரைக் கொஞ்சம் இறக்கினார். கரையோரமா நடந்து ஒரு நண்டு வளையை மண்ணால அடைச்சார். அப்புறம் வடிகாலை அடைச்சிருந்த ஆகாயத்தாமரையை இழுத்துப் போட ஆள் கூப்பிட்டார். மறுபடி ஷட்டரைக் கொஞ்சம் இறக்கினார். மதியத்துக்குள்ள நாத்து தலை தூக்கிடுச்சு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு இதுல ஒண்ணுமே தோணலை.

கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு தண்ணி நாலா பிரியுது. அங்கிருந்து கடைமடை வரைக்கும் எத்தனை வாய்க்கால், எத்தனை தலைப்பு! முறை வைக்கும்போது மேலே இருக்கிறவன் ஒரு ராத்திரி அதிகமா எடுத்தா கீழே இருக்கிறவன் வயல் வெடிக்கும். சண்டை வராம பிரிச்சு விடறதும் அந்த லஸ்கர் தலையிலதான்.

பெரிய படிப்பு படிச்சவங்களே இந்த மண்ணிடம் பாடம் கேட்டிருக்காங்க. 19ஆம் நூற்றாண்டில் கல்லணையில் வேலை பார்த்த ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அதைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று எழுதி வைத்தார். 1847ல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டைத் தொடங்கியபோது அந்தப் பாடம் கைகொடுத்தது. அவருக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் நமக்கு ஏன் வருது?

1934ல் வந்த கல்லணைக் கால்வாயைச் சீரமைக்க 2021 பிப்ரவரியில் சுமார் 2,640 கோடி ரூபாய் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. நல்லது, வரவேற்போம். ஆனா லஸ்கர் பணியிடங்கள் காலியா கெடக்குன்னு விவசாயிகள் வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்காங்களே? காங்கிரீட்டுக்கு இருக்கிற காசு, காவல் காக்கிற கைக்கு இல்லாமப் போனது எப்படி?

சென்சார் வேணாம்னு சொல்லலை. தண்ணி எத்தனை அடி நிக்குதுன்னு அது சொல்லும். எந்தக் கரை இன்னிக்கு ராத்திரி தாங்காதுன்னு முப்பது வருஷம் அதுல நடந்த காலுக்குத்தான் தெரியும். அந்த ஆள் ரிட்டயர் ஆகறப்ப அந்த அறிவும் வீட்டுக்குப் போயிடுது. அதனால கேக்கறது ரெண்டே: காலி இடத்தை நிரப்புங்க. புதுசா வர்றவரை, பழையவர் ஓய்வு பெறுறதுக்கு முன்னாடி, ரெண்டு போகமாவது அவர் கூட நடக்க விடுங்க.

நமக்குப் புரியாத வேலையெல்லாம் சுலபமான வேலைன்னு நினைக்கிற வியாதி நம்ம மாதிரி கணினி முன்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. நானும் அதில் ஒருத்தன்தான்.

டிஸ்கி: மழை ராத்திரியில கரையில டார்ச் வெளிச்சம் தெரிஞ்சா வண்டியை நிறுத்தி ஒரு டீ வாங்கிக் குடுங்க. நீங்க சாப்பிடற சோத்துல அவருக்கும் பங்கு உண்டு.